சிங்கப்பூருக்குப் போன நம்பர்

கீழவாசலில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அறை இருக்கிறது. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இங்க எவ்வளவுங்க ஆவும்?" என்பதுதான். காசு வாங்குவதில்லை என்று சொன்னால் உடனே சந்தேகம் வந்துவிடும். "அப்ப எந்தக் கட்சிங்க?" என்பார்கள். கட்சியும் இல்லை, சாமியாரும் இல்லை, நாலைந்து பழைய கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் நாங்கள் இரண்டு பேரும்தான் என்று சொல்லி நம்பவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுபோகும்.

இரண்டு பேர் என்றால், நான் ஒருத்தி. இன்னொருவர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் "பார்ப்போம்மா" என்று சொல்லக்கூடிய மனிதர். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பல வருடம் குப்பை கொட்டியவள். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் வேலை. "அதுக்கு உன்னை விட்டா ஆள் கிடையாது" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்குத் தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்த பிறகு கண்டுபிடிக்கத் தப்பு இல்லாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மாதத்தில் அவரே, "எங்கயாவது போய் ஏதாவது பண்ணு தாயே" என்று கும்பிட்டார்.

அப்படித்தான் அறை வந்தது. பிறகு இணையதளம் வந்தது. எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது, போகும்போது என்னென்ன எடுத்துப்போக வேண்டும், எந்த விண்ணப்பம் எப்போது முடிகிறது என்று எல்லாவற்றையும் நம் தமிழில், நாலு வரியில் சொல்கிற ஒரு தளம். முதலில் அதை அழகாகச் செய்தேன். மேலே கோபுரம், கீழே பச்சை வயல், திறந்தால் படங்கள் தானாக நகரும். ஒரு ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை. டெல்டா கிராமத்தில் ஒரு பழைய போனில் அந்தக் கோபுரம் இறங்கி முடிவதற்குள் ஜனங்கள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள் என்று சார்தான் சொன்னார். ஆத்திரத்தில் எல்லாப் படத்தையும் தூக்கி எறிந்துவிட்டு, வெள்ளைப் பக்கத்தில் மேலே சிவப்பில் 'இன்றே கடைசி' என்று மட்டும் ஒரு கட்டம் போட்டேன். அன்றிலிருந்து கூட்டம் வர ஆரம்பித்தது. அந்தக் கட்டத்தில் ஏதாவது வந்துவிட்டால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போகிற ஆண்கள் குடும்பத்தின் போன் நம்பரையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் முதன்முதலில் போன் வாங்கியவர் அவர்தான். ஆதார், வங்கி, சிலிண்டர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் அந்த ஒரு நம்பரைத்தான் கொடுத்திருப்பார்கள். அந்த சிம்மை அவர் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவார். அதை உயிரோடு வைத்திருக்க மாதாமாதம் ரீசார்ஜும் செய்வார். இங்கே மனைவி ஒரு பொத்தானை அமுக்கினால், அதற்கான ஓடிபி எண் கடலைத் தாண்டிப் போய் அவர் சட்டைப்பையில் விழும். அவர் அங்கிருந்து போன் பண்ணி அதைச் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் வந்து நிற்கிற சிலிண்டரை இறக்கவே சிங்கப்பூரைக் கேட்க வேண்டும் என்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வராதா? வருகிற பெண்களிடமெல்லாம், "மொதல்ல நம்பரை உன் பேருக்கு மாத்து" என்று கத்துவேன். "மாத்திக்கிறேன் டீச்சர்" என்பார்கள். நான் யாருக்கும் டீச்சர் இல்லை. ஆனால் கத்துகிற பெண்ணை அவர்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். நம்பரை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள்.

அன்றைக்கு அந்தச் சிவப்புக் கட்டத்தில் இருந்தது வேளாண்மைப் பட்டப்படிப்புக்கான கலந்தாய்வு. மாணவர்கள் விரும்புகிற கல்லூரிகளை வரிசையாகத் தேர்ந்தெடுத்து, மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். ஐந்துக்குப் பிறகு தளம் மூடிக்கொள்ளும். உறுதி செய்யாதவர்களுக்கு இந்த வருடம் இடம் கிடையாது.

மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு தாயும் மகளும் படியேறி வந்தார்கள். திருக்காட்டுப்பள்ளிக்கு அப்பால் ஒரு கிராமம். அவர்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் கடை பூட்டிக் கிடந்திருக்கிறது. எங்கள் தளத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார்கள். குறுவை நடவு நடக்கிற நேரம். அம்மாவின் கால் நகங்களில் சேறு இன்னும் போகவில்லை.

"நடவாளுங்களை வயல்ல விட்டுட்டு வந்திருக்கேன் டீச்சர். சுருக்கா முடிஞ்சிருமா?" என்றாள்.

"ஐந்து நிமிஷ வேலை" என்றேன். அப்படிச் சொல்கிற நாளில்தான் எனக்கு ஏதாவது வரும்.

மகள் எல்லாம் தெரிந்த பிள்ளையாக இருந்தாள். வரிசையை ஏற்கெனவே மனத்தில் வைத்திருந்தாள். மடமடவென்று தேர்ந்தெடுத்தாள். நல்ல மதிப்பெண். முதல் விருப்பமே கிடைத்துவிடும் போலிருந்தது. கடைசியில் உறுதி செய்கிற பக்கம் வந்தது. அங்கே அவள் கை நின்றது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாப்பா, அமுக்கு."

"ஓடிபி அப்பாவுக்குப் போவும் மேடம்" என்றாள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "அப்பா எங்க?"

"சிங்கப்பூர்ல. கப்பல் பட்டறையில" என்றாள் அம்மா. "ஃபாரம் போடறப்ப கடைக்காரப் பய நம்பர் என்னன்னான். எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது அந்த ஒரு நம்பர்தான். வாயில வந்துருச்சு."

வேலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்களாம். வாசலில் பெட்டியில் பூட்டி வைத்துவிட வேண்டும். வேலை முடிந்தால்தான் கைக்கு வரும். அவசரத்தில் அதை யோசிக்காமல் காலையில் மகளின் போனிலிருந்தே மூன்று முறை அமுக்கிப் பார்த்திருக்கிறார்கள். மூன்று எண்களும் அந்தப் பெட்டிக்குள் போய்க் காலாவதியாகிவிட்டன. திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து முறைதான் எண் அனுப்பப்படும். ஒவ்வொரு எண்ணும் பத்து நிமிடம்தான் செல்லும்.

மிச்சம் இருப்பது இரண்டுதான். "கையை எடு பாப்பா. மவுஸைத் தொடாதே" என்றேன். அவள் பயந்துபோய் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அம்மா அரைமணிக்கொரு தரம் அவருக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இதற்கிடையில் தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த வண்டி எங்கள் கேபிளை அறுத்துவிட்டது. எல்லாத் திரையும் ஒன்றாகச் செத்தது. மகள் "அம்மா" என்று முனகினாள். சார் எழுந்து, "பார்ப்போம்மா" என்று தன் போனிலிருந்து இணைப்பைக் கொடுத்தார். ஜன்னலோரம் வைத்தால்தான் சிக்னல் வந்தது. நாங்கள் நாலு பேரும் ஜன்னலோர மேசைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனோம். பக்கம் நல்லவேளையாக அப்படியே திறந்தது.

"ஏம்மா, அவருக்கு மெசேஜாவது போட்டு வை. போனை எடுத்ததும் பார்ப்பாருல்ல" என்றேன்.

அம்மா முந்தானையைத் திருகினாள். "என்னன்னு டீச்சர் போடுறது? அவருக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"அவர் பொண்ணைத் தஞ்சாவூர்லயே காலேஜுல பி.காம் சேத்துருக்கோம்னு நெனச்சுகிட்டு இருக்காரு. வெவசாயப் படிப்புன்னா வெட்டிப் போட்ருவாரு. முன்னாடி வந்த ஓடிபியை ஸ்காலர்ஷிப்புக்குன்னு சொல்லி வாங்கிட்டேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த மனிதர் இரண்டு வருடம் தொடர்ந்து, கதிர் முற்றி நின்ற பயிரைத் தண்ணீரில் பறிகொடுத்தவராம். இனிமேல் சேற்றில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அதன் பிறகு நிலத்தை இவள்தான் பார்க்கிறாள். மகள் அம்மாவோடு வயலுக்குப் போய்ப் போய் இந்தப் படிப்பின் மேல் ஆசைப்பட்டிருக்கிறாள். ஆசைப்பட்டதோடு நிற்காமல் மதிப்பெண்ணும் எடுத்துவிட்டாள்.

நாலரை தாண்டிய பிறகுதான் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. எண்ணை எல்லோரும் கேட்கட்டும் என்று நான் ஸ்பீக்கரைப் போட்டு மேசை மேல் வைத்தேன்.

"என்னடி, இத்தனை தடவை கூப்பிட்டுருக்க? யாருக்கு என்ன?" பதறின குரல். பின்னால், வேலையாட்களை விடுதிக்கு ஏற்றிப்போகிற லாரியின் சத்தம்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லங்க. ஒரு நம்பர் வரும். அதைச் சொல்லுங்க."

"சிலிண்டரா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். மகள் அமுக்கினாள். நாலாவது.

கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் மெதுவாகப் படித்தார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். வேளாண்மை என்கிற இடம் வந்ததும் நின்றார்.

"என்ன இது?"

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏய், கேக்குறேன்ல. என்ன இது?"

"அவ அதைத்தான் படிக்கணுங்கறாங்க" என்றாள் அம்மா.

"சேத்துலேருந்து தப்பிச்சு வந்து இங்க நான் இரும்பு தேச்சுகிட்டு கெடக்கேன். நீ அவளைத் திரும்பப் புடிச்சு அதுலயே தள்ளுறியா? எத்தனை நாளா நடக்குது இது? ஸ்காலர்ஷிப்புன்ன."

"அப்பா" என்றாள் மகள்.

"நீ பேசாத. என் பொண்ணு என்ன படிக்கப்போறான்னு எவனோ அனுப்புற மெசேஜைப் படிச்சுத்தான் எனக்குத் தெரியணுமா?"

திரையில் நிமிடங்கள் குறைந்துகொண்டிருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. "இதோ பாருங்க, சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. மொதல்ல நம்பரைச் சொல்லுங்க. நேரம் போகுது" என்றேன்.

"நீங்க யாரு மேடம்?"

"யாரா இருந்தா என்ன? உங்க பொண்ணோட ஒரு வருஷம் உங்க சட்டைப்பையில இருக்கு. அதை எடுத்துக் குடுக்க உங்களுக்கு என்ன கஷ்டம்? நம்பரைத் தூக்கிட்டுக் கடல் தாண்டிப் போயிட்டா இங்க இருக்கவங்க மூச்சு விடறதுக்கும் உங்ககிட்ட கேக்கணுமா?"

லாரிச் சத்தம் நின்றது. அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

சார் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் பேசினதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த நேரம் என் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தோம். எடுக்கவில்லை. நாலாவது எண் எங்கள் கண் முன்னாலேயே காலாவதியாகியது. மகள் சத்தம் வராமல் அழுதாள். துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"இன்னொண்ணு இருக்கில்ல?" என்றாள் அம்மா.

"இருக்கு. அது கடைசி. அவர் சொல்லலைன்னா இந்த வருஷம் போச்சு" என்றேன்.

அவள் போனை எடுத்தாள். அழைக்கவில்லை. குரல் பதிவு செய்கிற பொத்தானை அழுத்திக்கொண்டு வாயருகில் வைத்துக்கொண்டாள். வயலில் ஆட்களைக் கூப்பிடுகிற மாதிரி கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

"ஏங்க, மறைச்சது நான். அவ இல்ல. என்னைத் திட்டுங்க, வந்து அடிங்க. நீங்க விட்டுட்டுப் போன வயலை நான்தான் பாக்குறேன். தண்ணி எப்ப வரும், பூச்சி எதுக்கு வருது, ஒண்ணும் தெரியாம ஊர்ல நாலு பேரைக் கேட்டுக் கேட்டுத்தான் பாக்குறேன். அவளுக்குத் தெரியட்டுங்க. தெரிஞ்சுகிட்டு அவ சேத்துல எறங்குனாலும் சரி, எறங்காட்டியும் சரி. இப்ப ஒரு நம்பர் வரும். இதான் கடைசி. சொல்றதுன்னா சொல்லுங்க."

அனுப்பிவிட்டு, "அமுக்கு" என்றாள் மகளிடம்.

"கேட்டுட்டாரான்னு பார்த்துட்டு அமுக்கலாம்மா" என்றேன்.

"அமுக்கட்டும் டீச்சர். நேரமில்ல."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அமுக்கினாள். ஐந்தாவது எண் போய்விட்டது. இனி எங்கள் கையில் ஒன்றும் இல்லை. அம்மாவின் பதிவை அவர் கேட்டதற்கான அடையாளம் வருகிறதா என்று நாலு பேரும் அந்தச் சின்னப் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. கீழே கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. சார் ஜன்னலோரம் வைத்திருந்த தன் போனைத் தொடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

அடையாளம் வந்தது. கேட்டுவிட்டார். பதில் இல்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அம்மா மாரியம்மனைக் கூப்பிட ஆரம்பித்தாள். நான் எந்தச் சாமியையும் கூப்பிடுகிறவள் இல்லை, அன்றைக்குக் கூப்பிட்டேன்.

போன் ஒரு முறை அதிர்ந்தது. அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு. மகள் அதைத் தொட்டாள். ஆறு எண்கள் கேட்டன. ஒவ்வொன்றாக, நடுவில் இடைவெளி விட்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொல்லியிருந்தார். அதற்கு முன்னாலும் ஒரு வார்த்தை இல்லை, பின்னாலும் இல்லை.

மகள் தட்டினாள். சாரின் இணைப்பு ஒரு நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் என் உயிர் போய் உயிர் வந்தது. பிறகு பச்சையில், உறுதி செய்யப்பட்டது என்று வந்தது. மகள் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா அவள் முதுகில் ஒரு அடி போட்டு, "போதும் வுடு, வேர்வையா இருக்கேன்" என்றாள். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. "ஏம்மா, இன்னிக்குப் பட்டது போதும். நாளைக்கே ஆதார் மையத்துக்குப் போற. நம்பரை உன் பேருக்கு மாத்துற. காலேஜுல சேர்றப்ப இன்னும் எத்தனை ஓடிபி வரப்போகுது தெரியுமா?" என்றேன்.

"மாத்திடுறேன் டீச்சர். சத்தியமா மாத்திடுறேன்" என்றாள். மற்றவர்களைப் போல இல்லாமல் இவள் நிஜமாகவே சொன்னாள்.

அப்போது அவர் மறுபடியும் அழைத்தார். எடுத்தபோது மகளின் விரல் பழக்கத்தில் ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டது.

"பதிஞ்சிருச்சா?" என்றார். கோபம் தணிந்த குரல்.

"பதிஞ்சிருச்சுங்க."

"ம்."

"இனிமே உங்களுக்கு இந்தத் தொல்லை இருக்காதுங்க" என்றாள் அம்மா. அவரைச் சமாதானம் செய்கிற அவசரத்தில் பேசினாள். "நம்பரை என் போனுக்கு மாத்திக்கச் சொல்றாங்க டீச்சர். நாளைக்கே மாத்திடுறேன். அப்புறம் எதுக்கும் உங்களைக் கூப்பிட வேணாம்."

லாரியில் கூட இருந்தவர்கள் யாரோ சிரிப்பது கேட்டது.

"மாத்திக்க" என்றார். "நல்லதுதான். நான்தான் முன்னாடியே குடுத்துட்டு வந்திருக்கணும்."

"சரிங்க."

"சிலிண்டர் வந்தா கூப்பிடுவ. பேங்க்ல நின்னுகிட்டு கூப்பிடுவ. இவ பள்ளிக்கூடத்துக்கு ஏதாவதுன்னா கூப்பிடுவ. நம்பரைச் சொன்னதும் சரின்னு வச்சிருவ. நானும் எப்படா சிலிண்டர் தீரும்னு பாத்துகிட்டு இருப்பேன். அதையும் மாத்திக்கிட்டா, அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவ?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அம்மாவும் மகளும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான்தான் கையை நீட்டி அதை அணைத்து, போனை எடுத்து அம்மாவின் காதில் வைத்துவிட்டு, சாரைக் கூட்டிக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போனேன்.